வெளிச்சம் தேடும் வண்டி

"டாக்டர், அடைப்பு மூளையின் இடது பக்கம்னு சொல்றீங்க. அப்பாவுக்கு வரலேங்கிறது வலது கைதானே? ஸ்கேன் படம் மாறிப்போச்சா?"

பக்கவாத நோயாளிகளின் குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. நான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு வண்டியை எடுத்துச் சன்னலோர வெயிலில் வைப்பேன். பொழுதுபோக்காக நானே செய்தது. சூரியத் தகடு ஒன்று, மின்தேக்கி ஒன்று, மோட்டார் இரண்டு, கண்களாக ஒளியுணரி இரண்டு, பேட்டரி கிடையாது.

இடக்கண்ணின் கம்பி வலச்சக்கரத்தையும், வலக்கண்ணின் கம்பி இடச்சக்கரத்தையும் இயக்குகிறது. இடப்புறம் வெளிச்சம் மிகுந்தால் வலச்சக்கரம் கூடுதலாகச் சுழலும். வண்டி இடப்புறம் திரும்பி வெளிச்சத்தை நோக்கிச் செல்லும். கம்பிகளைக் குறுக்கிடாமல் இணைத்தால் அதே வண்டி வெளிச்சத்தைவிட்டு விலகும். மூளை ஆய்வாளர் வாலண்டினோ பிரைட்டன்பெர்க் 1984இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வண்டிகளை விவரித்துள்ளார். நம் உடலை அசைக்கும் நரம்பிழைகளிலும் பெரும்பாலானவை முகுளத்தின் அடிப்பகுதியில் இவ்வாறே பக்கம் மாறுகின்றன. ஆகவே, ஸ்கேன் படம் மாறவில்லை.

இந்தப் பொழுதுபோக்கின் முன்னோடியும் மூளை ஆய்வாளரே என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. மூளையின் மின்னலைகளைக் கொண்டு கட்டி இருக்கும் இடத்தைக் கண்டறிய வழிகாட்டிய கிரே வால்டர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1948, 1949ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்னும் இரு இயந்திர ஆமைகளைச் செய்தார். இரண்டே வால்வுகள்தாம் அவற்றின் மூளை. வெளிச்சத்தைத் தேடித் திரியும். பேட்டரி இறங்கியதும் விளக்கெரியும் கூண்டுக்குத் திரும்பி மின்னேற்றிக்கொள்ளும். 1970இல் ஸ்கூட்டர் விபத்தில் வால்டரின் மூளையே கடுமையாகக் காயமுற்றது.

என் வண்டி தொடர்ந்து ஓடாது. தகடு தரும் சொற்ப மின்சாரம் மின்தேக்கியில் சேரும். போதிய அளவு சேர்ந்ததும் ஒரே துள்ளலில் செலவாகும். நல்ல வெயிலில் சில நொடிகளுக்கு ஒருமுறை துள்ளும். நாடுகாணியில் மழைக்கால மூடுபனி இறங்கிவிட்டாலோ அசைவற்று நிற்கும். நெடுநேரம் கழித்து ஒருமுறை துள்ளும். "ரிப்பேரா டாக்டர்?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். அவர் கணவர் பத்து நிமிடப் பயிற்சிக்குப்பின் படுத்துவிடுவதைச் சோம்பல் என்று கடிந்துகொண்டிருந்தவர் அவர். பக்கவாதத்துக்குப் பிந்தைய களைப்பு நோயின் ஒரு பகுதியே என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அன்று அவர் வண்டியின் அடுத்த துள்ளல்வரை காத்திருந்து பார்த்தார்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால், உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரும் பழைய தோட்ட விளக்கின் சூரியத் தகடும் தொடக்கத்துக்குப் போதும். பலவீனமான கையால் கம்பியைப் பிடிப்பது நல்ல விரல் பயிற்சி. உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மோட்டாரின் காந்தத்தை மார்பருகே கொண்டுசெல்லக் கூடாது. பொம்மையில் பொத்தான் பேட்டரி இருந்தால் குழந்தைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்; விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். பற்றவைக்கும் வேலையை உடனிருப்பவரே செய்யட்டும். உணர்ச்சி குன்றிய கைக்குச் சூடு தெரியாது.