கழிவுநீர் தூய்மையாகுமா?

சேத்தியாத்தோப்பை அடுத்துள்ள வீராணம் ஏரி, பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு முதல் இவ்வேரியின் நீர் சேத்தியாத்தோப்பில் இறைக்கப்பட்டு, வடக்குத்து என்னும் ஊரில் சுத்திகரிக்கப்பெற்று, இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான குழாய்வழியே சென்னையை அடைகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுசெல்லும் வகையில் இத்திட்டம் வகுக்கப்பட்டது. இத்துணை முயன்று கொணரப்படும் நீர், ஒருமுறை புழங்கிய பின் என்னவாகிறது? ஒரு பகுதி சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது; மற்றொரு பகுதி கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் அப்படியே கலக்கிறது.

கழிவைக் கண்ணுக்கு மறைத்தல் வேறு, தூய்மையாக்குதல் வேறு. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மொகஞ்சதாரோவில் மூடிய செங்கல் வடிகால்கள் இருந்தன. ரோமானியரின் பெருஞ்சாக்கடை நகரக் கழிவை டைபர் ஆற்றில் சேர்த்தது. 1858-இல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாளாத இலண்டன், பசல்ஜெட் என்னும் பொறியாளரைக் கொண்டு பெருங்குழாய்கள் அமைத்து, கழிவை நகருக்குக் கிழக்கே ஆற்றின் கீழ்ப்பகுதிக்குக் கடத்தியது. இவை யாவும் அழுக்கை இடம் மாற்றினவேயன்றி நீக்கவில்லை. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் ஆகிய இருவரும், கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்டு, பின் சேறாகப் படியும் என்பதை நிறுவினர். இன்றைய சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இவ்வாறு தெளிந்த நீர் மார்க்கச் சட்டப்படி தூய்மையானதா? ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்தும் அதற்கு மேலும் உள்ள நீர், அசுத்தத்தால் நிறம், சுவை, வாடை ஆகியவற்றுள் ஒன்று மாறினாலன்றி நஜீஸ் ஆவதில்லை. அம்மாற்றம் தானே நீங்கிவிடின் மீண்டும் தூய்மையாகும். இத்தகைய அடிப்படையிலேயே, அசுத்தத்தின் அடையாளம் முற்றும் நீங்கிய கழிவுநீரை உளூவுக்கும் பயன்படுத்தலாமென்று சவூதி அரேபிய மூத்த அறிஞர்கள் பேரவை 1978-இல் (ஹிஜ்ரி 1398) தீர்மானித்தது. உடல்நலங்கருதி அதனைப் பருகாமல் தவிர்ப்பதே நன்றென்றும் அறிவுறுத்தியது.

சென்னையிலும் 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை நாள்தோறும் உயர்தரமாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. அந்நீர் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. ஆலைகள் அதனைப் பயன்படுத்துமளவுக்குக் குடிநீர் மிச்சமாகிறது.

நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலங்கழிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மூன்றும் பிறருக்குரிய இடங்கள். வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுவோர் செய்வதும் நீர்த்துறையை அசுத்தப்படுத்துவதேயாகும். ஆடையில் தெறித்த ஒரு துளிக்காகக் கவலையுறும் நாம், நம் வீட்டுக் குழாய் எங்குச் சென்று முடிகிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.