வேகம் குறைகையில் புகைக்குழாயில் எழும் வெடியோசை: பழைய மோட்டார் வண்டிகளில் காரணம் காணும் முறை

முசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும் மலைப்பாதையில் ஒரு பழைய அம்பாசிடர் வண்டி வருவதாகக் கொள்வோம். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியை இரண்டாவது கியரில் இறங்கவிடுகிறார். உடனே பின்புறத்தில் பட், பட் என்று வெடியோசை எழுகின்றது. ஆக்ஸிலரேட்டரை மீண்டும் மிதித்ததும் ஓசை நின்றுவிடுகின்றது. இத்தகைய வண்டி பட்டறைக்கு வந்ததும் பலர் முதலில் கார்புரேட்டரைத் திருகத் தொடங்குகின்றனர். இது முறையன்று. சரியாக இருந்த ஒன்றைக் கெடுத்துவிட்டு உண்மையான பழுதை மறைத்துவிடுவதே பெரும்பாலும் இதனால் விளையும் பயன்.

அம்பாசிடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலும், பிரீமியர் பத்மினியின் உற்பத்தி அதற்கு முன்னரும் நின்றுவிட்டன. எனினும் கார்புரேட்டர் பொருத்திய இத்தகைய வண்டிகளும் பழைய ஜீப்புகளும் இன்னும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பேணுவோருக்கு இவ்வோசையின் காரணத்தை அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஓசை பிறக்கும் விதம்

எரிதல் நிகழ எரிபொருள், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. ஓடும் எஞ்சினின் புகைக்குழாயில் வெப்பம் எப்பொழுதும் உண்டு. ஏனைய இரண்டும் அங்கு எவ்வாறு வந்து சேருகின்றன என்பதே கேள்வி.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கார்புரேட்டரின் காற்றுவழி மூடிக்கொள்கின்றது. ஆனால் சக்கரங்கள் எஞ்சினை விரைவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. பிஸ்டன்கள் காற்றை இழுக்கின்றன. காற்று வர வழியில்லை. ஆகவே உட்செல்லும் குழாயில் அழுத்தம் மிகவும் குறைந்துவிடுகின்றது. அக்குழாயின் சுவரில் படிந்திருந்த பெட்ரோல் உடனே ஆவியாகி சிலிண்டருக்குள் செல்கின்றது. சிலிண்டரில் முன்சுற்றின் எரிந்த வாயுவே மிகுதியாக இருப்பதால், ஸ்பார்க் பிளக்கின் பொறி பட்டும் இக்கலவை சரியாகத் தீப்பற்றுவதில்லை. எரியாத பெட்ரோல் ஆவி புகைக்குழாயை அடைகின்றது.

பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவிகிதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். புகைக்குழாயில் ஆவி இருந்தாலும் ஆக்ஸிஜன் குறைவு. ஆனால் குழாயின் இணைப்பில் சிறு துவாரம் இருப்பின் நிலைமை மாறிவிடும். புகைக்குழாயில் அழுத்தம் ஒரே சீராக இராது. அலை அலையாக ஏறியிறங்கும். இறங்கும் கணத்தில் அது வெளிக்காற்றின் அழுத்தத்திற்கும் கீழே செல்கின்றது. அப்பொழுது, புகையை வெளியே விடும் அதே துவாரம் காற்றை உள்ளே இழுக்கின்றது. மூன்றும் கூடியதும் வெடியோசை எழுகின்றது.

ஆகவே, இருக்கத்தகாத இடத்திற்கு வந்துவிட்ட காற்றையே முதலில் தேடவேண்டும்.

பரிசோதனையின் வரிசை

முதலாவதாக, ஓசை எங்கே, எப்பொழுது எழுகின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரின் வாயிலிருந்து சீறி வெடிக்குமாயின் அது வேறு பழுது; மெலிந்த கலவையோ, சரியாக மூடாத உள்வால்வோ காரணமாகலாம். நின்ற நிலையிலும் ஒரே தாளத்தில் வெடித்தால் ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம். வேகம் குறைகையில் மட்டும் பின்புறத்தில் எழும் ஓசையே இங்குக் கருதப்படுவது. அதிலும் மிக மெல்லிய குமுறல் கார்புரேட்டர் வண்டிகளுக்கு இயல்பானதே. முன்பு இல்லாது புதிதாகத் தோன்றிய கூரிய ஓசையே கவனத்திற்குரியது.

இரண்டாவதாக, புகைக்குழாயின் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினைத் தொடங்குக. தோல் கையுறை அணிந்த ஒருவர் தடித்த துணிச் சுருளால் குழாயின் முனையைச் சில விநாடிகள் அடைத்துப் பிடிக்கட்டும். மற்றொருவர் மானிபோல்டிலிருந்து ஸைலென்ஸர் வரை காது கொடுத்துக் கேட்கட்டும். உஸ் என்னும் ஓசை எழுமிடமே துவாரம். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழிகளும் காட்டிக்கொடுக்கும். மானிபோல்டு காஸ்கட்டின் விளிம்பில் கரிப்படிவு இருந்தால் அதுவும் சான்றாகும். அண்மையில் ஸைலென்ஸர் மாற்றப்பட்ட வண்டியாயின் புதிய இணைப்பை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவதாக, உட்செல்லும் வழியில் காற்றுக் கசிவு உண்டா என்று காணவேண்டும். கார்புரேட்டரின் அடியிலும் உள் மானிபோல்டு இணைப்பிலும் சில துளி மசகு எண்ணெய் விட்டால், கசிவு உள்ள இடத்தில் எஞ்சினின் ஓட்டம் மாறும். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துதல் கூடாது, தீவிபத்து நேரும். டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் சிறு ரப்பர் குழாய் வெடித்திருத்தலும் உண்டு. இத்தகைய கசிவினால் கலவை மெலிந்து தீப்பற்றாமல் போகும்பொழுது, பெட்ரோலுடன் காற்றும் சேர்ந்தே புகைக்குழாயை அடைகின்றது. அங்கே துவாரம் இல்லாமலே வெடியோசை எழும்.

நான்காவதாக, பொறியமைப்பைப் பார்க்கவேண்டும். அம்பாசிடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பாயிண்டின் தேய்மானப் பகுதி தேயத் தேய இடைவெளி குறையும். குறைந்தால் பொறி தாமதமாக எழும். தாமதித்தால் கலவை எரிந்து முடியுமுன் வெளிவால்வு திறந்துகொள்ளும். கழற்றிய பிளக் இளம் பழுப்பு நிறமாயின் கலவை சரி. கரிபடிந்து கறுத்திருந்தால் மிகை. வெண்சாம்பல் நிறமாயின் மெலிவு.

ஐந்தாவது, வால்வுகள். டாப்பெட் இடைவெளி அறவே குறைந்துவிட்டால் வெளிவால்வு முழுதும் மூடாது. தீச்சுடர் கசிந்து வால்வே கருகும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் ஈயச் சேர்மங்களின் மெல்லிய படிவம் வால்வு அமரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. அப்பாதுகாப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களில் இப்பொழுது அவ்விடம் தேய்ந்து, இடைவெளி தானாகவே குறையக்கூடும். அழுத்தமானியில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டி, அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்ட பின்னும் அளவு உயராவிடில் வால்வைக் கழற்றிப் பார்ப்பதே வழி.

கார்புரேட்டர் இறுதியில்

இவையனைத்தும் சரியாயிருப்பின் மட்டுமே கார்புரேட்டரைத் தொடவேண்டும். எஸ்.யு. வகையில், சூடேறிய எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது அதன் பிஸ்டனைச் சுமார் 1/32 அங்குலம் உயர்த்துக. எஞ்சினின் வேகம் கூடி நிலைத்தால் கலவை மிகை. உடனே குறைந்தால் மெலிவு. சிறிதே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி.

இடமும் எரிபொருளும் இங்குக் கருதத்தக்கவை. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள முசூரியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. அங்குச் சரிசெய்த கலவை சமவெளியில் மெலிந்துவிடும். மேலும், 2023 முதல் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. தூய பெட்ரோலின் ஒரு பங்கு எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், இக்கலப்பிற்கு 13.5 பங்கே போதும். ஆகவே பழைய அளவில் விடப்பட்ட கார்புரேட்டர் மெலிந்த கலவையையே தரும்.

ஓசையைவிடப் பெரிய தீங்கு

வெடியோசையைச் சிலர் வெறும் தொல்லையாகவே கருதி விட்டுவிடுகின்றனர். காற்றை உள்ளே இழுக்கும் துவாரம் கார்பன் மோனாக்ஸைடு வாயுவையும் வெளியே விடுகின்றது என்பதை மறக்கலாகாது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்ளும். பழைய வண்டியின் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால், முன்புறக் கசிவின் புகை நேரே உள்ளே வரும். குளிர் காலத்தில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு செல்வோருக்குத் தலைவலியும் மயக்கமும் முதல் அறிகுறிகளாகும். உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி, கியரில் இருக்கும்போதே சாவியை அணைத்துப் பின்னர் திருப்புவதும் தீங்கானது. பொறியின்றிச் சென்ற கலவை ஸைலென்ஸரில் நிறைந்து, மீண்டும் பொறி எழுந்ததும் வெடித்து அதனைப் பிளந்துவிடக்கூடும்.

சுருங்கக் கூறின், புகைக்குழாயின் வெடியோசை வண்டி தரும் எச்சரிக்கையாகும். துணிச் சுருளும் சோப்பு நீரும் கொண்டு பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனையே முதற்கண் செய்யத்தக்கது. காஸ்கட் ஒன்றை மாற்றுவதற்கு ஆகும் சிறு செலவு, ஒரு வால்வையும், சில சமயங்களில் ஓர் உயிரையும் காக்கும்.