ஒரே சொல், எதிரெதிர் பொருள்!

"லோன் சாங்ஷன் ஆகிவிட்டது" என்று சேதி வந்தால் அரிமளத்தில் எந்த வீட்டிலும் மகிழ்ச்சிதான். அதே வீட்டுப் பையன் ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டுகிறான். ஒரு நாட்டின் மீது மற்ற நாடுகள் 'சாங்ஷன்' விதித்ததாகச் செய்தி. அந்த நாட்டுக்கும் கடன் கொடுத்தார்களா? இல்லை! வியாபாரத்துக்குத் தடை போட்டார்கள்.

அனுமதிக்கும் அதே சொல். தடைக்கும் அதே சொல். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே திண்டாடுவார். வாக்கியத்தோடு படித்தவருக்குச் சங்கடம் இல்லை. பக்கத்தில் 'வங்கி' நின்றால் அனுமதி. 'நாட்டின் மீது' என்று வந்தால் தடை.

டாக்காவில் பிறந்த யோசனை

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். கடினமான சொல்லுக்கு அகராதியைத் திறந்தால், விளக்கம் அதைவிடக் கடினமாக இருந்தது! பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து 1935-ல் அவர் ஓர் அகராதி வெளியிட்டார். எளிய சொற்கள் 1,490-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான சொற்களுக்கு விளக்கம் எழுதினார்கள்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, சொல் வாக்கியத்தில் எப்படி வந்து அமரும் என்று காட்டினார். அவரும் நண்பர்களும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. மாணவர்கள் இன்று பயன்படுத்தும் ஆக்ஸ்போர்டு அகராதி அதன் வழி வந்ததே.

சைக்கிள் கற்ற கதை

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெடல், செயின், பிரேக் என்று பாகங்களின் பெயரை ஒப்பித்தா கற்றார்கள்? ஏறி மிதித்தல்லவா கற்றார்கள்! சொல்லும் அப்படித்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சொல்லை எழுதுங்கள். அதன் பொருளைத் தமிழில் எழுதுங்கள். அகராதி தரும் வாக்கியத்தைக் கீழே எழுதுங்கள். பிறகு உங்கள் ஊரை வைத்து ஒரு வாக்கியம் நீங்களே எழுதுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஐப்பசியில் விடாமல் பெய்யும் அடைமழை 'கன்டினியுவஸ்'. விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் 'கன்டினியுவல்'.

வேலை கேட்டுப் போகிறவர் கவனிக்க வேண்டிய சொற்களும் உண்டு. 'சென்சிபிள்' என்றால் விவேகம் உள்ளவர். 'சென்சிட்டிவ்' என்றால், பெரும்பாலும், சட்டென்று மனம் புண்படுகிறவர். விவேகி என்று சொல்ல நினைத்துச் சொல் மாறிவிட்டால், எதிரே இருக்கும் அதிகாரி யோசிப்பார்: "இவரை ஒரு வார்த்தை கண்டிக்க முடியாது போலிருக்கிறதே!"