மலை வைத்த பரீட்சை

ஆயுத பூஜையன்று மோட்டார் வண்டிக்கு நாம் செய்யும் உபசாரத்தில் குறைவே கிடையாது. குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அதற்குப் பிறகு? அடுத்த ஆயுத பூஜை வரும் வரையில் பெட்ரோல் போடுவதைத் தவிர வேறு கைங்கரியம் ஒன்றுமில்லை. வண்டியும் பொறுமையாக ஓடுகிறது. ஓடுகிற வண்டிக்கு ஒரு குறையும் இராது என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

இந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதை நமக்குக் கற்பித்தது புதூர்நாட்டு மலைச் சாலை.

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமீது ஏறினால் வருவது புதூர்நாடு. மலையாளிகள் என்று பெயர் பெற்ற மலைவாழ் தமிழ் மக்கள் சாமை பயிரிட்டு வாழும் பிரதேசம். கோடை விடுமுறையில் ஒரு நாள் குடும்பத்துடன் அங்கே சென்றோம். நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு உபாத்தியாயரும் உடன் வந்தார்.

ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. இறங்கும்போதுதான் விஷயம் வேறாயிற்று. உல்லாசமாக நாலாவது கியரில், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது. "அடுப்பை அணைத்துவிட்டுத்தானே வந்தோம்?" என்று கேட்டாள் நமது சகதர்மிணி. அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தை விட ஆழமாக இறங்கிற்று. நெஞ்சு 'திக்'கென்றது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெள்ள மெள்ள இழுத்து, மலைச் சரிவை ஒட்டி ஒருவாறு வண்டியை நிறுத்தினோம்.

பிரேக் ஆறும் வரையில் சாலையோரப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். கணக்கு உபாத்தியாயரால் அங்கேயும் சும்மா இருக்க முடியவில்லை. "1,000 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஒன்றையே நம்பி இறங்கினால், அதில் பிறக்கும் உஷ்ணம் ஏறத்தாழ 16 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும், ஸார்!" என்றார். ஒரு பெரிய வெந்நீர்த் தவலைக்கு வேண்டிய அனலைச் சக்கரத்துக்குள் மூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்!

மறுநாள் மெக்கானிக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பிரேக் ஆயில் எப்போ மாத்தினீங்க?" நாம் மாற்றியதே இல்லை. குறைந்தால்தானே மாற்ற வேண்டும் என்று எண்ணியிருந்தோம்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு. இப்போது பெரும்பாலும் வழங்கும் டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்ஷியஸ் வரையில் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஊறிய பின்னரோ அதற்கு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகிறது. திரவத்தை அமுக்கினால் விசை சக்கரத்துக்குப் போகும். ஆவியை அமுக்கினால் அது சுருங்குமே தவிர, பிரேக்கை இறுக்காது. இதற்காகவே, குறைந்தாலும் குறையாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். சமவெளியில் இந்தக் குறை வெளியே தெரியாது. மலை வைக்கும் பரீட்சையில்தான் வெளிப்படும்.

அது முதல் ஞாயிறுதோறும் காலையில் கால்மணி நேரம் வண்டிக்கென்று ஒதுக்கிவிட்டோம். யந்திர சாஸ்திரம் படிக்காதவரும் செய்யக்கூடிய காரியங்கள்தாம் அவை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் விட்டெடுத்துப் பார்க்கிறோம். எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். கூலன்ட், பிரேக் ஆயில் டப்பாக்களிலும் அவ்வாறே குறிகள் உண்டு. பிரேக் ஆயில் திடீரென்று குறைந்திருந்தால், மேலே ஊற்றித் திருப்தியடையாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. பீறிடும் வெந்நீர் முகத்தைப் பொசுக்கிவிடும்.

பிறகு டயர். காற்றின் அளவு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நிலைச்சட்டத்தில் ஒட்டியிருக்கும். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள்ளே ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சமென்று அர்த்தம். அதற்குமேல் அந்த டயரை நம்பலாகாது. டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துக்களுடன் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. ஸ்டெப்னியின் ஜாதகத்தையும் மறவாமல் பாருங்கள். நம்முடைய ஸ்டெப்னியில் காற்றே இல்லை!

இறங்கும் முறை ஒன்றும் உண்டு. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்பது பழைய டிரைவர்களின் வழக்கம். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று கியரை எடுத்துவிட்டு உருட்டுவதைப் போல் ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

புதூர்நாட்டுப் பக்கத்து ஜனங்களுக்கு மலைச் சாலை உல்லாசப் பிரயாணமல்ல. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அதுவே வழி. 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி, அப்பக்கத்தில் மலைக் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குக் காரணம் கூறுவது நம் வேலையல்ல. ஆனால் சமவெளியில் மன்னிக்கப்படும் தவறு மலையில் மன்னிக்கப்படுவதில்லை என்பதை அன்று பாறையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் நாமும் உணர்ந்தோம்.

சென்ற விடுமுறையில் மறுபடியும் புதூர்நாடு போய் வந்தோம். இரண்டாவது கியரில், மாட்டு வண்டி போல இறங்கினோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும். தீய்ந்த வாசனை மட்டும் வரவில்லை. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைப்பதையும் நாம் கைவிடவில்லை. ஆனால் அதற்கு முன்பே பிரேக் ஆயிலைப் பார்த்துவிடுகிறோம்.