கையும் கருத்தும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. ஏட்டில் கண்ட செய்தி அறிவாக மலர வேண்டுமாயின், கையும் கருத்தும் ஒருங்கே தொழிற்படல் வேண்டும்.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் புளியங்குடி. எலுமிச்சை வாணிகத்தால் பெயர்பெற்றது அவ்வூர். அங்குள்ள பள்ளி ஒன்றில், எலுமிச்சைச் சாற்றின் இயல்பை ஆசிரியர் கற்பிக்க விரும்புகின்றார் எனக் கொள்க. “அமிலம் காரத்தின் தன்மையைப் போக்கும்” என்று கூறி, அதனை மனப்பாடம் செய்விக்கலாம். மாணவர் இன்று ஒப்புவிப்பர், நாளடைவில் மறப்பர்.

வேறொரு வழியும் உண்டு. மஞ்சள் கரைத்த நீரில் ஆசிரியர் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சேர்க்கின்றார். ஆலத்தி நீர்போல் அது சிவக்கின்றது. “இதில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் யாது நிகழும்?” என வினவுகின்றார். மாணவர் தத்தம் கருத்தை முதலில் எழுதி வைக்கின்றனர். பின்னர்ச் சாற்றைத் துளித்துளியாக விடுகின்றனர். செந்நிறம் மறைந்து மஞ்சள் நிறம் மீள்கின்றது! நிறம் மேலும் சிவக்கும் என்று எழுதிய மாணவன் வியப்புறுகின்றான். “ஏன் இவ்வாறாயிற்று? சுண்ணாம்பு நீர் மிகுந்தால் சாறும் மிகுதியாக வேண்டுமோ?” என்று கேட்கின்றான், துளிகளை எண்ணி மீண்டும் சோதிக்கின்றான். கற்றல் அங்கே தொடங்குகின்றது.

செயலோடு அதன் விளைவைப் பற்றிய சிந்தனையும் இணைந்தால்தான் அனுபவம் பயன்தரும் என்பதை அமெரிக்க அறிஞர் ஜான் டூயி, 1916ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜனநாயகமும் கல்வியும்’ என்னும் நூலில் விளக்கினார். குழந்தை அறிவைப் பிறரிடமிருந்து அப்படியே பெறுவதில்லை. கண்டதும் கருதியதும் முரண்படும்போது தன் எண்ணத்தைத் திருத்தித் தானே அறிவைக் கட்டமைக்கின்றது என்றார் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே.

நம் நாட்டிலும் இக்கருத்து வேரூன்றியது. கைத்தொழிலின் வாயிலாகக் கல்வி புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தா மாநாட்டில் முன்வைத்தார். 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், தம் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

எனினும், கை மட்டும் இயங்கிக் கருத்து உறங்குமாயின், சோதனையும் வெறும் விளையாட்டாய் முடியும். விளைவை ஆசிரியரே முன்கூட்டி உரைத்துவிட்டால், அதுவும் மற்றொரு மனப்பாடமே ஆகும். ஆதலால், செய்வதற்கு முன் கருதுதலும், செய்தபின் காரணம் தேடுதலும் மாணவர்தம் கடமையாகும். தன் கருத்துப் பிழைபட்டதை மறைக்காது, ‘ஏன்?’ என வினவும் மாணவனே மெய்யாகக் கற்றவனாவான்.