சங்கிலியை எடுத்துட்டேன்

போன மாசம் கல்விக் கடன் வட்டி பத்தி நீளமா ஒரு கட்டுரை எழுதினேன். முதல் 900 வார்த்தை முழுக்க என் கதை. ஊர், ப்ளஸ் டூ மார்க், பேங்க் வாசல்ல அப்பாவோட நின்னது, அம்மா சங்கிலியை அடகு வெச்சது, எல்லாம். வட்டி எப்படி ஏறுதுங்கிறதே அதுக்கப்புறம்தான் வருது.

வெளியிடறதுக்கு முன்னாடி அப்பாவுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் வந்துச்சு. "நல்லா எழுதியிருக்கடா. அந்தச் சங்கிலி விஷயம் மட்டும் எதுக்கு? உங்க சித்தப்பாவுக்கே அது தெரியாது."

என் கதைன்னு நினைச்சு எழுதினது. பாதி அவங்க கதை.

அப்புறம் ஆபீஸ்ல பழைய கோடுக்குச் செய்யறதையே இதுக்கும் செஞ்சேன். ஒரு வரியை எடுத்துட்டு, கீழே ஏதாவது உடையுதான்னு பார்க்கறது. மார்க் போச்சு, ஒண்ணும் உடையல. ஊர் போச்சு. சங்கிலிப் பத்திதான் இருந்ததுலயே நல்லா வந்திருந்துச்சு, எடுக்க மனசே வரல. ஆனா எடுத்தாலும் வட்டிக் கணக்கு அப்படியேதான் நிக்குது.

ஒரே ஒரு வரியை எடுத்தப்போதான் உடைஞ்சுது: வேலை கிடைக்கற வரைக்கும் வட்டி ஓடாதுன்னு நான் நம்பினது. தள்ளிப்போறது தவணை மட்டும்தான். வட்டி, பணம் கைமாறின நாள்லேர்ந்தே ஓடும். ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் 1 லட்சம், 4 வருஷம், 10% தனிவட்டின்னு வெச்சுக்குவோம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு தவணை. முதல் லட்சத்துக்கு 5 வருஷ வட்டி, அடுத்ததுக்கு 4, அப்புறம் 3, 2. மொத்தம் 1,40,000 ரூபாய். அதை அசலோட சேர்த்துடுவாங்க. கட்ட ஆரம்பிக்கறப்போ கடன் 5,40,000. நான் தப்பா நம்பினதைச் சொல்லலேன்னா இந்தக் கணக்கு யாருக்காகன்னே புரியாது.

டார்வின் 1859ல போட்ட 'உயிரினங்களின் தோற்றம்' முன்னுரையும் பீகிள் கப்பல்லதான் ஆரம்பிக்குது. கிட்டத்தட்ட 5 வருஷப் பயணம், கடல் ஒத்துக்காம அவஸ்தைப்பட்ட மனுஷன். அந்த அவஸ்தை அங்க வரல. தென் அமெரிக்காவுல பார்த்ததுதான் கேள்வியைக் கிளப்புச்சுன்னு சொல்லிட்டு நகர்ந்துடறார். ஆனா இப்போ உடம்பு சரியில்லங்கறதைச் சொல்றார். வாலஸும் அதே முடிவுக்கு வந்துட்டதைச் சொல்றார். முழுசா முடியாத வேலையை ஏன் இப்பவே வெளியிடறேன்னு காரணம் சொல்லணுமே! பயணக் கதைக்கு 1839லயே தனிப் புத்தகம் போட்டாச்சு.

என் 900 வார்த்தை 60 ஆச்சு. சித்தப்பா படிச்சுட்டு போன் பண்ணார், அவர் பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேர்றா. படிக்கறப்பவே வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டிட்டு வரலாமான்னு கேட்டார். கட்டலாம் சித்தப்பான்னு சொன்னேன்.