ட்ரவுட் ஏன் கிளியனூருக்கு வராது?

கிளியனூர்ப் பக்கத்து ஏரிகளில் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் நைலான் நரம்பு, ஒரு முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, ஈர மண்ணில் தோண்டிய புழு. கிழக்கே கழுவெளி, அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளம். காற்றிலேயே உப்பு இருக்கும் ஊர்ப்புறம் இது.

இதே தமிழ்நாட்டில், நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில், வேறொரு தூண்டிலுக்கு நூறாண்டு கடந்த வரலாறு இருக்கிறது. அங்கே புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பூச்சிப் பொம்மை செய்கிறார்கள். ஓடும் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, ட்ரவுட் என்ற மீனை ஏமாற்றப் பார்க்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்காகவே வாரம் முழுக்கச் சனிக்கிழமைக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்தப் பொம்மை ஈக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நம் ஏரி விராலின் மூச்சுவரை வந்து சேரலாம்.

முதலில் எறிவது. நம் தூண்டிலில் கனம் நுனிப்பக்கம் இருக்கிறது. குண்டும் இரையும் பறந்து போக, நரம்பு அவற்றின் பின்னால் இழுபட்டுப் போகிறது. இறகு சுற்றிய முள்ளுக்கோ கனமே கிடையாது. எவ்வளவு வேகமாக வீசினாலும் காற்று அதைக் காலடியிலேயே போட்டுவிடும். அதனால் கனத்தை நரம்பிலேயே வைத்தார்கள். ட்ரவுட்காரர்கள் அதிகம் வைத்திருக்கும் ஐந்தாம் எண் நரம்பின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு அது. கழியைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே முழுவதும் நீளும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். அப்போது கழி வளைந்து விசையைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு முன்னால் வீசினால் கயிறு சாட்டையைப் போலச் சுருள் பிரிந்தபடி போகும். கயிற்றின் கீழ்ப்பாதி நின்றுவிட, நகரும் பகுதி குறைந்துகொண்டே வருகிறது. இருக்கும் ஆற்றல் குறைந்த எடைக்குள் அடங்குவதால், காற்றின் தடையையும் மீறி வேகம் குறையாமல் நுனிவரை ஓடுகிறது. நுனியில் மெலிந்துகொண்டே போகும் கண்ணாடி நரம்பு மிச்ச விசையை விழுங்கிவிடும். ஈ தண்ணீரில் விழும்போது சத்தம் வராது. பழகாதவர்கள் அந்த ஒரு கணம் பொறுக்காமல் வீசிவிட்டு, முள்ளைத் தம் தொப்பியிலிருந்து கழற்றிக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்து மீனின் கண். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் உலகம் முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் வளைந்து இறங்குவதால், அடிவானம் முதல் அடிவானம்வரை எல்லாமே சுமார் 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. கூம்புக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாக மாறி, ஓடையின் அடித்தரையையே பிரதிபலிக்கும். பூச்சி மிதந்து வரும்போது மீனுக்கு முதலில் தெரிவது பூச்சி இல்லை. அந்தக் கண்ணாடியில் அதன் கால்கள் பதிக்கும் ஆறு சின்னக் குழிகள். பொம்மை ஈயைக் கட்டுபவர்கள் இறக்கையின் நிறத்தைவிட, சுற்றிலும் சிலிர்த்து நிற்கும் இறகு இழைகளில் அக்கறை காட்டுவதற்கு இதுதான் காரணம். அந்த இழைகள்தான் குழி போடுகின்றன. கரையில் நிற்கும் மனிதன் வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரிவான். குனிந்து நின்றால் அநேகமாகத் தெரியவே மாட்டான். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன். அதனால் கீழ்ப்புறத்திலிருந்து, அதன் முதுகுப்பக்கமாக நெருங்குவார்கள். கால் சறுக்கிக் கல் உருண்டால் வேலை முடிந்தது. மீனின் விலாவில் ஓடும் உணர்கோடு அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

ட்ரவுட்டின் வாழ்க்கை ஒரு வரவுசெலவுக் கணக்கு. பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த இடத்தில் நின்றுகொள்ளும். பக்கத்தில் பாயும் நீர் தீனியைக் கொண்டுவரும். ஓரடி நகர்ந்து வாயில் வாங்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பும். நீந்திச் செலவழித்த சக்தியைவிடத் தின்ற பூச்சியின் சக்தி அதிகமாக இருந்தால் மீன் கொழுக்கும். அந்தத் தீனியில் பெரும்பங்கு கல்லுக்கடியில் வளரும் பூச்சிகளின் இளம்பருவங்கள். மேஃப்ளை என்ற பூச்சி மாதக்கணக்கில் தண்ணீருக்குள் வளர்ந்து, ஒரு நாள் மேலே வந்து இறக்கை விரிக்கும். இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிப்பது பூச்சி இனத்திலேயே இது மட்டும்தான். வளர்ந்ததற்கு வாய் வேலை செய்யாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். இவை ஒரே நேரத்தில் கூட்டமாகக் கிளம்பும்போது ஓடையெங்கும் ட்ரவுட் மூக்கை நீட்டும். அந்த அரை மணி நேரத்தில் எந்தப் பூச்சி, எந்தப் பருவம், எந்த அளவு என்று கண்டுபிடித்து அதற்கேற்ற பொம்மையைக் கட்டுவதில்தான் தூண்டில்காரரின் பெருமையெல்லாம் அடங்கியிருக்கிறது. மீனை எடை போடுவதில் இல்லை.

இந்தப் பொம்மைகளில் நம் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகு சொட்டியதுபோல் மின்னும் புள்ளிகள் இருக்கும். தண்ணீருக்குள் அது குட்டி மீனின் கண்ணாகத் தெரியும் என்று பிரிட்டனின் சால்மன் தூண்டில்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் காட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல் கப்பலேறிப் போனது. இன்று அந்தப் பறவையை வேட்டையாட 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இறகு அங்கே போனது, மீன் இங்கே வந்தது. வந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து, பிற்பாடு இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1863இல் ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். உயிர்மீனை வெப்பக் கடல் வழியே கொண்டுவருவது நடக்காத காரியம். முட்டையைக் கொண்டுவரலாம், அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கரு வளரத் தொடங்கிய ஆரம்ப நாட்களில் முட்டையை ஆட்டினால் கரு செத்துவிடும். உள்ளே குஞ்சின் கண் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் பருவம் வந்துவிட்டால் அதே முட்டை பயணத்தைத் தாங்கும். ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கிடையே வைத்தால் வளர்ச்சி மெதுவாகி, பொரிக்கும் நாள் தள்ளிப்போகும். 1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவரை மூன்று மாதக் கடற்பயணத்தில் முட்டைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தது இப்படிப் பாசியிலும் பனிக்கட்டியிலும்தான். காஷ்மீருக்கு 1900இல் பழுப்பு ட்ரவுட் வந்தது. நீலகிரியில் சென்னை அரசின் மீன் நிபுணர் ஹெச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் காரியம் கைகூடியது. வேரூன்றியது பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட். பழுப்பு ட்ரவுட்டைவிடக் கொஞ்சம் வெப்பம் தாங்கும் இனம் அது.

கொஞ்சம்தான். சுமார் 10 முதல் 16 டிகிரித் தண்ணீர் அதற்குச் சுகம். 20ஐத் தாண்டினால் இரையில் நாட்டம் குறையும். 25ஐத் தாண்டினால் பொதுவாகப் பிழைக்காது. அப்படியானால் கிளியனூர் ஏரியில் விட்டால் ஆக்சிஜன் இல்லாமல் சாகும் என்று சட்டென்று சொல்லிவிடலாம். பாடப்புத்தகமும் குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்றுதான் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

கடல் மட்டத்தில் 10 டிகிரி நன்னீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும், நம் ஏரியைப் போன்ற 30 டிகிரி நீர் சுமார் ஏழரை. ஆனால் அவலாஞ்சி 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். 12 டிகிரி மலையோடைக்கு மிஞ்சுவது எட்டரை மில்லிகிராம் அளவுதான். மலைக்கும் நம் ஏரிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்! மீனைக் கொல்ல இது போதாது.

கொல்வது தேவை. மீனின் உடல் தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் உடலின் வேதிவினைகள் ஏறக்குறைய இரு மடங்காகும். 12இலிருந்து 30க்கு இறங்கி வந்த ட்ரவுட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆக்சிஜன் வேண்டியிருக்கும். வரவு கொஞ்சம் குறைந்து செலவு மும்மடங்கானால் எந்தக் குடும்பம் தாங்கும்? போதாக்குறைக்கு, மலையோடை கல்லில் மோதி மோதி இரவும் பகலும் காற்றைக் கலந்துகொள்கிறது. ஏரி அசையாமல் கிடக்கிறது. பகலில் பாசியும் செடிகளும் ஆக்சிஜனை வெளியிடும், இரவில் அவையும் சேர்ந்து சுவாசிக்கும். விடியற்காலை ஏரியில் ஆக்சிஜன் படுமோசமாக இறங்கியிருக்கும். உப்பு ஏற ஏறக் கரையும் அளவு இன்னும் குறையும். 30 டிகிரிக் கடல்நீரில் ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல், உப்பளப் பாத்தியின் முற்றிய நீரில் அதைவிட மிகவும் குறைவு.

இந்தச் சிக்கலை நம் மீன்கள் வேறு வழியில் தீர்த்துக்கொண்டன. ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரில் இருப்பதைப் போல முப்பது மடங்குக்கு மேலான ஆக்சிஜன் ஒரு லிட்டர் காற்றில் இருக்கிறது. தண்ணீரை ஏன் கெஞ்ச வேண்டும்? விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றை வாங்கும் அறை உண்டு. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும் மீன் அது. குறவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாமே காற்றை வாங்குபவைதான். பனையேறிக் கெண்டை தரங்கம்பாடியில் பனை மரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டேனிஷ்காரரான லெப்டினன்ட் டால்டார்ஃப் எழுதியது 1797இல் லண்டனில் அச்சாயிற்று. பனை ஏறுகிறதோ இல்லையோ, மழைநாளில் வரப்பில் நடந்து போவதைப் பார்த்தவர்கள் நம் ஊரில் நிறைய.

ஆக, மலையில் மீன் மேலே வருவது ஈயைத் தின்ன. இங்கே விரால் மேலே வருவது மூச்சு வாங்க. இந்த ஊர்த் தூண்டில்காரர் அந்த மூச்சைத்தான் படிக்கிறார். குமிழி எங்கே உடைந்தது, அடுத்த குமிழி எத்தனை நேரம் கழித்து, மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத் தவளையை அங்கே போடுகிறார். அவலாஞ்சியில் பூச்சிக் கூட்டத்தைப் பார்த்து ஈ கட்டுபவர் செய்வதும் இதே வேலை என்பேன். தண்ணீரின் மேல்தோலைப் பார்த்து அடியில் நடப்பதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் இருவருக்கும் ஒன்றுதான். விலை உயர்ந்த கழி அதைக் கூட்டித் தருவதில்லை.

சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸுக்கு இது புரிந்திருந்தது. இந்தியத் தூண்டில் பற்றி 1873இல் ஒரு புத்தகம் எழுதியவர், 1887இல் நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். ட்ரவுட் இல்லையே என்று ஏங்கிய தன் நாட்டவருக்குக் காலடியில் கிடக்கும் குளத்தைக் காட்டிய மனிதர். இறகு ஈயை இங்கேயும் போடலாம். முகத்துவாரங்களில் உலவும் கொடுவாயை ஆஸ்திரேலியாவில் இதே தூண்டிலால்தான் ஆசையாகத் துரத்துகிறார்கள். ஆனால் கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம். அந்த எல்லைக்குள் அனுமதியில்லாமல் எந்தத் தூண்டிலும் ஆகாது. ஊர் ஏரி என்றால் மீன் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ட்ரவுட் பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் வானவில் ட்ரவுட், பழுப்பு ட்ரவுட் இரண்டுமே இருக்கின்றன. மலையோடைத் தவளைகளின் தலைப்பிரட்டையும் சிறுமீன்களும் அவற்றுக்குத் தீனி. நாம் சிரிக்க முடியாது. அதே பட்டியலில் நம் ஜிலேபியும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். நன்னீர், உவர்நீர், கடல்நீர் எதுவும் அதற்குச் சம்மதம். ட்ரவுட்டுக்குப் பனிக்கட்டியும் பொரிப்பகமும் அரசாங்க நிபுணரும் வேண்டியிருந்தது. ஜிலேபிக்கு ஒரு வாய்க்கால் போதுமாக இருந்தது.

மேல்நாட்டு ட்ரவுட்காரர்களில் பலர் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்று ஏரிக்கரைப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். “விடறதுக்கு எதுக்கு தம்பி புடிக்கணும்? வெரால் என்னா வெல விக்குது தெரியுமா?” என்றார். நியாயம்தான். ஆனால் மழைக்காலத்தில் ஏரி ஓரமாகச் செந்நிறக் குஞ்சுகள் ஒரு பந்துபோலத் திரண்டு நகர்ந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் இல்லை, குஞ்சைக் காக்க. அப்போது பிடிபடும் ஒரு ஜோடியோடு குஞ்சுப் பந்து முழுவதும் குறவைக்கும் கொக்குக்கும் போய்விடும். அந்தச் சில வாரங்கள் விராலை விட்டுவிட்டு ஜிலேபிக்குப் புழுவைக் கோக்கலாம் என்றேன். “அத எப்ப வேணாலும் புடிக்கலாமே” என்றார் பெரியவர்.